பூட்டிய பெட்டிக்குள் பொதுப் பேரேடா?

யாரையும் நம்பவேண்டியதில்லை என்பது பிளொக்செயின் வியாபாரிகளின் முதற் சுலோகம். வங்கியை நம்ப வேண்டாம், தரகனை நம்ப வேண்டாம், அமைச்சனை நம்ப வேண்டாம்; ஒருமுறை எழுதிய கணக்கை ஆண்டவனாலும் அழிக்கமுடியாது என்கின்றனர். நல்லது. "அந்தக் கணக்கை எழுதுகின்ற மென்பொருளின் மூலநிரலைச் சற்றே காட்டுங்கள், நாமும் பார்ப்போம்" என்று கேட்டுப்பாருங்கள். அவர்களுள் எத்தனையோ பேருடைய குரல் அவ்விடத்தில் மாறிவிடும். அது கொம்பனியின் இரகசியம், தேர்ந்த நிபுணர்கள் பார்த்துவிட்டனர், உங்களுக்கு அந்தக் கவலை எதற்கு என்பர். யாரையும் நம்பவேண்டாம் என்று தொடங்கிய பேச்சு, எம்மை மட்டும் நம்புங்கள் என்று முடிவதைக் கவனித்தீர்களா?

மூலநிரல் திறந்திராத பிளொக்செயின் பிளொக்செயினே அன்று என்பது என் வாதம். திறந்த மூல மென்பொருள் இத்தொழில்நுட்பத்துக்குச் சூட்டிய அணிகலன் அன்று. வாங்குவோர் விரும்பினாற் சேர்த்துக்கொள்ளும் உபரி வசதியும் அன்று. அதனை எடுத்துவிட்டால் எஞ்சுவது பழைய முதலாளியின் பழைய பேரேடுதான்.

விடயத்தை அடியிலிருந்து பார்ப்போம். பிளொக்செயின் என்பது ஒரு பேரேடு. கொடுக்கல் வாங்கல்களைப் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு புதிய பக்கத்தின் தலைப்பிலும் முந்திய பக்கத்தின் கைரேகை போன்றதோர் எண்ணைப் பொறித்துவிடுகின்றனர். பழைய பக்கமொன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் ரேகை மாறும். பின்வரும் பக்கங்கள் பொருந்தாமற் போய்க் களவு வெளிப்படும். இப்பேரேட்டின் பிரதிகள் ஓரிடத்தில் அல்ல, ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. புதிய பக்கம் வந்ததும் ஒவ்வொரு கணினியும் அது விதிப்படி எழுதப்பட்டதா என்று தானே பரிசோதிக்கும். பொருந்தினால் ஏற்கும், பொருந்தாவிடில் தள்ளிவிடும்.

இதிற் காவலாளி யார்? சங்கிலியா? ரேகையா? இரண்டும் அல்ல. ஒவ்வொரு கணினியிலும் இருந்து விதிகளைப் பிரயோகிக்கின்ற நிரலே காவலாளி. அந்நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு கொம்பனிக்கு மாத்திரமே தெரியுமானால், பத்தாயிரம் கணினிகளிற் பிரதி இருந்தென்ன, இலட்சம் கணினிகளில் இருந்தென்ன? ஒருவன் சொன்ன வார்த்தையைப் பத்தாயிரம் வாய்கள் திருப்பிச் சொன்னால் அது பத்தாயிரம் சாட்சியம் ஆகிவிடாது.

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் எவராயினும், இவ்வுண்மையை நன்கறிந்தவர். 2008 ஒக்ரோபர் 31இல் பிட்கொயினை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரையை வெளியிட்டார். 2009 ஜனவரியில் மென்பொருளை வெளியிட்டபோது மூலநிரலையும் உடன் கொடுத்தார். எம்.ஐ.ரி. உரிமம் எனப்படும் அனுமதியின்கீழ் யாரும் அதனைப் படிக்கலாம், ஓட்டலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். பெயரும் முகமும் இல்லாத ஒருவரை உலகம் எப்படி நம்பியது என்று வியப்போர் உளர். உலகம் நம்பவில்லை, படித்துப் பார்த்தது. முகத்தை மறைத்தவர் நிரலையும் மறைத்திருந்தால் அவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளியிருப்பர். தள்ளுவதே நியாயமும் ஆகும். 2011இல் அவர் எல்லோருடனும் தொடர்பறுத்து விலகிப்போனார். அவர் ஆக்கியது இன்றும் ஓடுகிறது.

2010 ஆகஸ்ட் 15ஆந் திகதி நடந்ததை இங்கு சொல்லவேண்டும். பிட்கொயினின் விதிப்படி மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாக முடியாது. அன்று 74,638ஆம் பக்கத்தில் ஒரேயொரு கொடுக்கல் வாங்கல் 18,446 கோடி நாணயங்களைச் சூனியத்திலிருந்து பிறப்பித்துவிட்டது. இரு மாபெருந் தொகைகளைக் கூட்டும்போது கணினி எண்ணுக்கு ஒதுக்கியிருந்த இடம் நிரம்பி வழிந்தது. கூட்டுத்தொகை நிரலின் கண்ணுக்கு அற்பமாகப் பட்டது. பேரேட்டைத் தம் வீட்டுக் கணினிகளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோர் விபரீதத்தைக் கண்டு கூவினர். நிரலைத் திறந்து காரணத்தைக் கண்டனர். சில மணித்தியாலங்களுள் திருத்திய நிரல் வந்தது. கணினி வைத்திருந்தோர் அதனை ஏற்று ஓட்டினர். பிழைபட்ட கிளை கைவிடப்பட்டது.

திருத்தம் வெளியிட்டவருக்கு எவரையும் பணிக்கும் அதிகாரம் இருக்கவில்லை என்பதே இச்சம்பவத்தின் உயிர்நாடி. அவர் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். ஒவ்வொருவரும் அதனைப் பார்த்துத் தாமாக ஏற்றனர். மூடிய மென்பொருளாயின் என்ன நடந்திருக்கும்? கொம்பனியிலிருந்து "ஒரு சிறு கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று ஓர் அறிக்கை வந்திருக்கும். என்ன கோளாறு, என்ன சரிசெய்தார்கள், அதோடு சேர்த்து வேறெதையேனும் செருகினார்களா என்பதை எவர் அறிவார்?

2018இல் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த பதிப்பொன்றிற் புகுந்த பிழை, ஒரே நாணயத்தை ஒரே கொடுக்கல் வாங்கலில் இருமுறை செலவிட இடங்கொடுத்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அது எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது. திறந்துவிட்டாற் போதும், ஆயிரங் கண்கள் பார்த்துக்கொள்ளும் என்று உபதேசிப்போர் இந்த ஒன்றரை ஆண்டை மறத்தலாகாது. ஈற்றில் அதனைக் கண்டுபிடித்தவர் யார்? பிட்கொயினிலிருந்து 2017இற் பிரிந்து, அதனோடு ஓயாத வசைப்போர் நடத்திக்கொண்டிருந்த பிட்கொயின் காஷ் அணியைச் சேர்ந்த ஒரு நிரலாளர்! இரு அணியும் ஒரே மூலநிரலின் வாரிசுகள். ஆதலாற் பிழையும் இருவர் வீட்டிலும் இருந்தது. அவர் அதனைப் பயன்படுத்திப் பணம் பண்ணவில்லை, எதிரணிக்கும் அறிவித்தார். செப்ரெம்பர் 18இல் திருத்தம் வந்தது. பாகப்பிரிவினையில் முகம் முறித்துக்கொண்டு போன தம்பி, நள்ளிரவில் வந்து "அண்ணா, உன் கூரையில் நெருப்பு" என்று கதவைத் தட்டியதைப் போன்றது இது. கூரை பொதுவாயிருந்தபடியாலேயே அவனுக்கு அது தெரிந்தது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். வண்கொயின் என்பது 2014இல் பல்கேரியாவை மையமாக வைத்து ருஜா இக்னற்றோவா, கார்ல் கிரீன்வூட் ஆகிய இருவர் தொடங்கிய வியாபாரம். பிட்கொயினை விஞ்சப்போகும் நாணயம் என்று மேடைதோறும் முழங்கினர். பல நாடுகளின் சாதாரண மக்களிடமிருந்து 400 கோடி டொலருக்கு மேல் கறந்தனர். அதன் மூலநிரலை எவரும் கண்டதில்லை. காண்பதற்கு அங்கே உண்மையான பிளொக்செயினும் இருக்கவில்லை. நாணயத்தின் விலையைக் கொம்பனியே தன் விருப்பப்படி ஏற்றிக்கொண்டிருந்தது என்பது ஐக்கிய அமெரிக்க நீதிமன்றத்தில் அம்பலமாயிற்று. இக்னற்றோவா 2017 ஒக்ரோபரில் மறைந்துபோனார். கிரீன்வூட்டுக்கு 2023 செப்ரெம்பரில் 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. பணத்தைப் பறிகொடுத்தவர்களை மூடர் என்று ஏளனஞ் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. "நிரல் எங்கே? என் கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று கேட்பது உரிமை என்று அவர்களுக்கு எவர் சொல்லிக்கொடுத்தார்?

எப்.ரி.எக்ஸ். என்பது பிளொக்செயின் அன்று. பிளொக்செயின் வாசலிற் கடைவிரித்திருந்த நாணயமாற்றுச் சந்தை. வாடிக்கையாளரின் கணக்குகள் யாவும் அதன் சொந்த, மூடிய நிரலுக்குள் இருந்தன. 2022 நவம்பரில் அது முறிந்தது. அடுத்த ஆண்டு நியூயோர்க் வழக்கு விசாரணையில் அதன் தொழில்நுட்பப் பங்காளி சாட்சிக்கூண்டில் ஏறி நிரலின் இரகசியங்களைச் சொன்னார். உரிமையாளரின் சகோதர நிறுவனமான அலமேடாவின் கணக்குக்கு மட்டும், மீதி பூச்சியத்துக்குக் கீழே போகலாம் என்று அனுமதிக்கும் குறியொன்று நிரலில் இடப்பட்டிருந்தது. 6,500 கோடி டொலர்வரை கடன் எடுக்கவும் அதற்கு வழி செய்திருந்தனர். வாடிக்கையாளரைக் காக்கும் காப்பு நிதி என்று விளம்பரஞ் செய்த தொகையோ, எழுந்தமானமாக ஓர் எண்ணை எடுத்துப் பெருக்கிக் காட்டியது! ஒரு சில வரிகள்! அவ்வரிகளைப் படிக்க வெளியாள் ஒருவனுக்கு அனுமதி இருந்திருந்தால் அந்த விளம்பரங்களை அவர்கள் அச்சிடத் துணிந்திருப்பார்களா?

பிளொக்செயினுக்குப் புறம்பான ஒன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. ஏனெனிற் பேரேடு எதுவாயினும் நியதி ஒன்றே. பிரித்தானியத் தபாற் கந்தோர்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தினர். ஊர்த் தபாற் கந்தோரை நடத்திய உப தபாலதிபர்களின் பெட்டியிற் பணங் குறைகிறது என்று அது சொன்னது. பொறி பொய் சொல்லாது என்றது நிருவாகம். 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். வீடு விற்றவர் உண்டு, சிறை சென்றவர் உண்டு. குறைந்தது 13 பேர் இதனாலே தம்முயிரை மாய்த்திருக்கலாம் என்று 2025இல் விசாரணைக்குழு எழுதிற்று. அலன் பேற்ஸ் முதலானோர் தொடுத்த வழக்கில் 2019 டிசெம்பரிலேயே, மென்பொருளிற் பிழைகள் இருந்தன, வெளியிலிருந்தபடி கணக்கை மாற்றவும் முடிந்தது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இற் பாராளுமன்றம் சட்டமியற்றித் தண்டனைகளை நீக்கியது. இருபது ஆண்டுகள்! குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மைக் குற்றஞ்சாட்டிய பொறியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமையின்றி நின்ற ஆண்டுகள் இவை. "அழிக்கவொண்ணாத கணக்கு" என்ற மகுடத்தையும் இத்தகைய பொறியின் தலையிற் சூட்டினால் என்னாகும் என்பதை வாசகர் சிந்திக்கட்டும். தவறான வரியொன்றை நிரந்தரமாக்குவது பெருமைக்குரிய சாதனையா?

சாதாரண மனிதனுக்கு நிரல் படிக்கத் தெரியாதே, திறந்து வைத்து என்ன பயன் என்று கேட்பவர் உளர். இக்கேள்வி நமக்குப் புதிதன்று. மலையகத் தோட்டத் தொழிலாளியின் கடன் "துண்டு" என்ற காகிதத்தில் எழுதப்பட்டு, அவன் தோட்டம் மாறும்போது அவனோடு சென்ற காலம் ஒன்றிருந்தது. 1921இலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. அத்துண்டை அவனால் வாசிக்க முடியவில்லை என்பது உண்மை. அதற்காக எழுதியவன் சொன்னதே கணக்கு என்று விடுவதா, வாசிக்கத் தெரிந்த ஒருவனை அவன் அழைத்துவந்து காட்ட இடங்கொடுப்பதா? திறந்த நிரல் எல்லோரையும் நிரலாளர் ஆக்குவதில்லை. தான் தேர்ந்த ஆளைக்கொண்டு பார்ப்பிக்கும் உரிமையை அது தருகிறது. கொம்பனி தேர்ந்து, கொம்பனி கூலி கொடுத்து அழைத்துவரும் கணக்காய்வாளர் அதற்கு ஈடாகார்.

திறந்தாற் கள்வனும் படிப்பானே என்பது அடுத்த தடை. 1883இலேயே ஓகுஸ்ற் கேர்க்கோவ்ஸ் என்பவர் இராணுவ மறைமொழிகளைப் பற்றி எழுதுகையில் இதற்கு விடையிறுத்துவிட்டார். முறை முழுவதும் பகைவன் கையில் விழுந்தாலும் கேடு வரலாகாது. சாவி மாத்திரமே இரகசியமாயிருக்க வேண்டும் என்றார் அவர். ஆயினும் கள்வன் படிப்பான் என்பதை மறுக்கவொண்ணாது. 2016இல் எதீரியத்தின்மேற் கட்டப்பட்ட "த டாஓ" என்னும் நிதியத்திற் சுமார் 15 கோடி டொலர் பெறுமதியான ஈதர் நாணயம் சேர்ந்தது. அதன் நிரல் திறந்தே இருந்தது. அத்தகைய பிழையைப் பற்றிச் சில நாட்களுக்கு முன் பகிரங்கமாக எழுதியும் இருந்தனர். அப்படியிருந்தும் ஜூன் 17இல் ஒருவன் அவ்வழியே 36 இலட்சம் ஈதரை இழுத்தெடுத்தான். எச்சரிக்கையைக் கேட்டும் பணத்தைக் குவித்து வைத்திருந்தவர்களின் அகந்தை இது, திறப்பின் குற்றமன்று.

பின்னர் நடந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜூலை 20இல் எதீரியத்தின் பெரும்பான்மையினர் விதியை மாற்றிப் பணத்தை மீட்டனர். எழுதியதை அழிப்பதற்கில்லை என்று நின்ற சிறுபான்மையினர் பழைய நிரலையும் பழைய பேரேட்டையும் எடுத்துக்கொண்டு எதீரியம் கிளாசிக் என்ற பெயரில் தம் வழியே போயினர். பெரும்பான்மையினர் செய்தது சரியென்றே நான் எண்ணுகிறேன். மாறாக எண்ணும் நண்பர்களோடு இன்றும் வாதிடுவேன். ஆனால் அந்த நண்பர்கள் போவதற்கு ஒரு வழி இருந்ததே, அதுவன்றோ பொருள்! மூடிய மென்பொருளில் உடன்படாதவனுக்கு வழியில்லை. மனு எழுதலாம், அவ்வளவுதான்.

ஆகவே பார்க்கும் உரிமை மாத்திரம் போதாது; எடுத்துச்செல்லும் உரிமையும் வேண்டும். இந்த இடத்திலேதான் அரைக்கதவு திறப்போரின் தந்திரம் நுழைகிறது. யுனிஸ்வொப் என்ற நாணயமாற்று நிரலின் மூன்றாம் பதிப்பை 2021இல் வெளியிட்டபோது, நிரலைப் படிக்கலாம், வர்த்தகத்துக்கு எடுத்தாளலாகாது என்று ஈராண்டுத் தடையொன்றைப் போட்டனர். 2023இல் தடை தானாகவே நீங்கி அது பொது உரிமத்தின்கீழ் வந்தது என்பதையும் சொல்லுதல் நியாயம். ஆயினும் பிறருடைய திறந்த வேலையின்மேல் நின்றுகொண்டு, தன் மாடிக்கு மட்டும் பூட்டுப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. மேர்ஸ்க்கும் ஐ.பி.எம். நிறுவனமும் 2018இல் தொடங்கிய ட்ரேட்லென்ஸின் கதை இன்னொரு விதம். அடியில் ஓடிய ஹைப்பர்லெட்ஜர் பப்ரிக் திறந்த மூல மென்பொருளே. ஆனால் மேடையின் சொந்தக்காரர் உலகின் பெருங் கப்பற் கொம்பனிகளுள் ஒருவர். போட்டியாளனின் வீட்டுத் திண்ணையில் தன் கணக்கை எழுத எவன் மனமுவந்து வருவான்? எதிர்பார்த்த உலகளாவிய ஒத்துழைப்புக் கிட்டவில்லை என்று கூறி 2022 நவம்பரில் அதனை மூடப்போவதாக அறிவித்தனர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிரல் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் ஓட்டுவது மனிதர் படிக்கும் அந்த மூலநிரலை அன்று. அதிலிருந்து பொறிக்கென ஆக்கப்பட்ட எண்வரிசையையே ஓட்டுகிறோம். காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று ஆகாதென்பதற்கு என்ன உத்தரவாதம்? கென் தொம்சன் 1984இல் வெளியான தம் ரியூரிங் விருதுரையில் இந்த ஐயத்தின் ஆழத்தைக் காட்டினார். நிரலை ஆக்கித்தரும் கருவியே களவு செய்யுமானால், மூலநிரலை எத்தனை தரம் படித்தும் களவைக் காணமுடியாது. பிட்கொயின் கோர் குழுவினர் இதற்கு மேற்கொண்ட வழி எளிமையானது, ஆனால் உழைப்பு மிகுந்தது. வெவ்வேறு இடங்களில் உள்ள பலர், ஒருவரையொருவர் எதிர்பாராமல், அதே மூலநிரலிலிருந்து தத்தம் கணினியில் ஆக்கிப் பார்க்கின்றனர். எல்லோருக்கும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒரே விளைவு வந்தாலே கையொப்பமிடுகின்றனர். விரும்பிய எவரும் அந்தக் கூட்டத்திற் சேரலாம். மூடிய கொம்பனி எதுவும் இச்சோதனைக்கு நிற்கமுடியாது. சோதிப்பதற்குரிய மூலமே அதனிடம் பூட்டிக் கிடக்கிறது.

இவ்வளவையும் செய்பவர் யார்? அவர்களுக்குச் சோறு போடுபவர் யார்? திறந்த மூலத்தின் புகழ் பாடும் பெரிய மனிதர்கள் இக்கேள்வி வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கின்றனர். 2014 ஏப்ரிலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறைமொழி நூலகத்தில் வெளிப்பட்டது. உலகின் வங்கிகளும் கடைகளும் அதன்மேலே ஓடிக்கொண்டிருந்தன. பிட்கொயின் கோரும் அதனைப் பயன்படுத்தியதால் அவசரமாகப் புதுப் பதிப்பு வெளியிட நேர்ந்தது. அந்நூலகத்தைக் காத்துவந்தோருக்கு அதுவரை நன்கொடையாகக் கிடைத்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டொலர்! கொடுத்தும் வாங்கியும் வாழும் உறவு எப்படியிருக்கும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. பிட்கொயின் நிரலாளர்கள் தமக்கென ஆக்கிய நூலகத்தைப் பரிசோதிக்கும்போது ஓபன்எஸ்எஸ்எல்லின் பெருக்கற் கணிதத்தில் ஒரு பிழையைக் கண்டு அறிவித்தனர். 2015 ஜனவரியில் அது திருத்தப்பட்டது.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்.இசட். விவகாரம் இதனிலும் அச்சந் தருவது. தனியொருவர் ஓய்வு நேரத்திற் பராமரித்து வந்த சிறு மென்பொருள் அது. அவர் களைத்திருந்த வேளையில் உதவியாளன் வேடத்தில் ஒருவன் வந்து, ஆண்டுக்கணக்கில் நல்லவனாக உழைத்து, ஈற்றிற் பின்கதவொன்றை வைத்துவிட்டான். அண்ட்ரெஸ் பிரெயுண்ட் என்ற பொறியியலாளர், வேறு வேலையில் இருந்தபோது, தம் கணினிக்குள் நுழைய வழமையைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கண்டு துருவியிராவிட்டால், அப்பின்கதவு உலகெங்கும் பரவியிருக்கும். மூலம் திறந்திருந்தபடியால் அவராற் துருவ முடிந்தது. ஆனால் அந்தத் தனி மனிதரைக் களைத்துப்போக விட்டவர்கள் யார்? அவர் உழைப்பைக் காசின்றி எடுத்து இலாபங் கண்டவர்களே.

நாணயமாற்றுச் சந்தை நடத்துவோரும், பிளொக்செயின் தீர்வு என்று அரசாங்கங்களின் படியேறுவோரும் இதற்குப் பதில் சொல்லட்டும். தமது ஆண்டறிக்கையில் விளம்பரத்துக்குச் செலவிட்ட தொகையின் கீழே, தாம் இலவசமாக எடுத்தாண்ட நிரலைக் காக்கும் மனிதருக்குக் கொடுத்த தொகையையும் ஒரு வரியாக அச்சிடட்டும். தமது சொந்த நிரலையும் மேசைமேல் வைக்கட்டும். அதன் பின்னர், நம்பிக்கை வேண்டியதில்லை என்ற அவர்களது பேச்சை உட்கார்ந்து கேட்போம்.